நிர்விசாரமான மனுசன்

அண்ணன் செத்துப்போன தந்தி வந்தபோது அவர் தோசை தின்றுகொண்டிருந்தார். தந்தியை வாங்கிப் படித்தார். மடித்துத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்தார். "இன்னும் ஒண்ணு ஊத்து" என்றார்.

கல்யாணமாகி சோழபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு நான் வந்த புதிதில், எங்கள் தெருவில் எனக்கு முதலில் சொல்லப்பட்ட கதை இதுதான். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி சொன்னதில் ஒரு தோசை, இன்னொருத்தி சொன்னதில் மூன்று. தோசை எத்தனையானாலும் கதை முடிகிற இடம் ஒன்றுதான். "என்னா மனுசன்! நிர்விசாரமான மனுசன்!"

செத்தது எந்த அண்ணன் என்று கேட்டேன். தகப்பன் இல்லாத அவரைப் படிக்கவைத்து, மில்லில் கெஞ்சிக் கூத்தாடி வேலையும் வாங்கிக் கொடுத்த அண்ணனாம். இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் பெருமை இன்னும் ஒரு பங்கு கூடியது.  அந்தத் தோசை எப்படித் தொண்டையில் இறங்கியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு சின்னத் துண்டு. யார் என்ன சொன்னாலும் அந்தத் துண்டை எடுத்து நெஞ்சை ஒரு தடவை நீவிவிட்டு, "அது அதுபாட்டுக்கு நடக்கும்" என்பார். மழை பெய்தாலும் அதே பேச்சு, பெய்யாவிட்டாலும் அதே பேச்சு. மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் இத்தனை மரியாதை சம்பாதித்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் சம்சாரம் செல்லத்தை அக்கா என்பேன். அக்காள் புருசன் அண்ணாச்சியாவது எந்த முறையில் சேர்த்தி என்று யாரும் கேட்டதில்லை. அக்கா என்று கூப்பிட்டது மனசிலிருந்து வந்தது. அண்ணாச்சி என்றது வாயிலிருந்து வந்தது.

நிர்விசாரம் என்ற அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் விசாரம் என்றால் கவலை. "மகளுக்கு இன்னும் அமையலையேன்னு அவளுக்கு ஒரே விசாரம்" என்று சொல்வோம். அந்த விசாரம் அறவே இல்லாமல் இருப்பது நிர்விசாரம். வீட்டுப் பேச்சில் யாரும் எடுக்காத சொல். கோயிலில் கதை சொல்ல வருகிறவர்கள் வாயில்தான் வரும். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் உபன்யாசம். எங்கள் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். அவர் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பாதிக் கதையில் மேடைக்குப் பக்கத்தில் பியூஸ் பெட்டி படபடவென்று வெடித்துத் தீப்பொறி பறந்திருக்கிறது. கூட்டம் மொத்தமும் வாசலைப் பார்த்து ஓட்டம். கதை சொல்ல வந்த பெரியவரே மேடையை விட்டு இறங்கிவிட்டார். நம்மவர் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கரண்ட் வந்து எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால் அதே சம்மணம், அதே துண்டு. பெரியவர் மைக்கைப் பிடித்து, "நாமெல்லாம் கதை கேட்டோம். இவர் ஒருத்தர்தான் அதை வாங்கிக்கொண்டார். நிர்விசாரம் என்றால் என்ன என்று இனி நான் விளக்கவேண்டியதில்லை, இதோ உட்கார்ந்திருக்கிறது" என்று கையைக் காட்டியிருக்கிறார். அன்றைக்குக் கடைசி பஸ்ஸில் அந்தச் சொல் ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தது. தந்தியும் தோசையும் அதற்கு முன்னாலேயே நடந்ததுதான். அதுவரை அதை ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டிருந்த தெரு, சொல் கிடைத்ததும் பெருமையாகப் பேச ஆரம்பித்துவிட்டது.

உள்ளே நடந்தது செல்லம் அக்காவுக்குத்தான் தெரியும். பழகி ரொம்ப நாள் கழித்து ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"கொஞ்ச நேரமாட்டி உக்காந்திருந்தாவ? ரெண்டு காலும் மரத்துப் போச்சு. எந்திரிக்கப் பாக்காவ, முடியல. எல்லாரும் வாசலுக்கு ஓடுதாவ, நான் பொம்பளைய பக்கத்துல இருந்து இவியகிட்ட ஓடுதேன். 'தூக்குட்டி, தூக்குட்டி'ன்னு என் கையப் போட்டு இழுக்காவ. நான் தூக்கதுக்குள்ள கரண்டு வந்துட்டு. டக்குனு கையை விட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டாவ."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். வெங்காயமோ சிரிப்போ, கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அன்றைக்குப் பூராவும் சிரித்தேன். எதிர்வீட்டுப் படியில் அவர் தலை தெரிந்தாலே எனக்கு, "தூக்குட்டி, தூக்குட்டி" என்று கேட்கும். உள்ளே ஓடிவிடுவேன்.

இப்படி ஒருத்தருக்குப் பட்டம் கிடைத்துவிட்டால் அப்புறம் அவர் செய்வதெல்லாம் அந்தப் பட்டத்துக்கே வரவாகிவிடுகிறது. மில்லில் ஒரு பையனுக்கு மிஷினில் விரல் போய்விட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட அவன் கதறுகிறான். இவர் துண்டால் நெஞ்சை நீவிவிட்டு, "ஏலே, இன்னும் நாலு இருக்குல்லா" என்றாராம். இதைக் கல்நெஞ்சம் என்று சொன்னால் புரியும். எங்கள் தெருவில் இதை வேதாந்தம் என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, "இருக்கறத நினைச்சுப் பாருடேங்கார், எம்புட்டு ஆழமான பேச்சு" என்று தலையை ஆட்டினார்கள். விரல் போன பையன் வேலையும் போய் ஊருக்கே திரும்பிவிட்டான். அவனைக் கேட்டிருந்தால் இந்த ஆழத்தை அளந்து சொல்லியிருப்பான்.

ஆனால் அவருக்கு விசாரமே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. காப்பியில் சூடு குறைந்தால் வரும். குளிக்கப் போகும்போது வெந்நீர் தயாராக இல்லையென்றால் வரும். அக்கா வீட்டிலிருந்து டம்ளர் விழும் சத்தம் கேட்டால், அது அவராக விழவைத்த டம்ளர் என்று எனக்குத் தெரியும். பெரிய துக்கம் எதுவும் தொடாத மனுசனைச் சின்னச் சின்னச் சங்கடம் எல்லாம் தொட்டுக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் விட வேடிக்கை அடுத்த தெரு சைக்கிள் கடைக்காரர் விஷயம். அவர் கடை ஒரு நாள் தீப்பிடித்து டயர் டியூப் எல்லாம் கருகிப்போனது. அந்த மனுசன் எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, "பஞ்சர் ஒட்டி ஒட்டிக் கை வலிச்சுது, சாமி பாத்து லீவு குடுத்துட்டாரு" என்று சிரித்திருக்கிறார். ஊர் முழுக்க அதே பேச்சு. "சைக்கிள் கடைக்காரர்தான்யா நிர்விசாரம்" என்று யாரோ சொல்லி, அது நம்மவர் காதுக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தாராம். "அது நிர்விசாரம் இல்ல, புத்தி மழுங்கிப் போன கேசு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத பயலுவ" என்று ஒரு வாரம் பொருமினாராம். தனக்கு எதுவும் ஒட்டாது என்ற பெயர் மட்டும் அவரிடம் நன்றாக ஒட்டியிருந்தது.

அவருக்கு ஒரே மகள். சுந்தரி. எனக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயசுதான் வித்தியாசம், ஆனாலும் என்னைச் சித்தி என்பாள். கலகலவென்று பேசுவாள். அப்பா மாதிரி துண்டு போட்டு நடித்துக் காட்டி அம்மாவையும் என்னையும் சிரிக்கவைப்பாள். அவர் மகளோடு பேசி நான் பார்த்ததில்லை. பேசினால் பாசம் என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். பெண் எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் இல்லையா, மாப்பிள்ளையின் அம்மா அதற்கு ஒரு நாள் வந்தார். என் வீட்டிலும் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெண்ணைப் பற்றி நான் நல்லபடியாகச் சொன்னேன். அந்த அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அப்பா எப்படி? கோபதாபம் உண்டுமா? ஏதுனா ஒண்ணுன்னா நாலு பேரக் கூட்டிட்டு வந்து நிப்பாவளா?"

"அதெல்லாம் இல்ல, அவியபாட்டுக்கு இருப்பாவ" என்றேன்.

தையல்கடையில், அரிசிக் கடையில், கோயில் வாசலில் எல்லாம் இதே கேள்வி. எல்லா இடத்திலும் ஒரே பதில். தெருவே சேர்ந்து சொல்லியனுப்பியது: தங்கமான மனுசன், நிர்விசாரமான மனுசன், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார், எதற்கும் சண்டைக்கு வரமாட்டார். அந்த அம்மா முகம் மலர்ந்து பஸ் ஏறினார். சம்பந்தி குணசாலியாக அமைந்ததில் சந்தோசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கட்டிக்கொடுத்த பெண்ணைப் பெற்றவர்கள் விசாரிக்கப் போவது என்று எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டு. பெரிய சடங்கெல்லாம் கிடையாது. மாதத்தில் ஒரு நாளோ என்னவோ, அப்பனோ அண்ணனோ ஒரு மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவான். நடுவீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பான். "பிள்ள எப்படி இருக்கா?" என்று மாமியாரிடமே கேட்பான். நல்லா இருக்கா என்பார்கள். சரி, வாரேன் என்று எழுந்து வந்துவிடுவான். இவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரிந்தால் போதும். அந்த ஒரு வாய் காப்பிக்காகப் பல வீடுகளில் கை ஓங்காமல் இருக்கிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அரை மணி நேர பஸ். நின்றால் ஒன்று, கை காட்டினால் இன்னொன்று என்று பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் ஒரு தடவை கூட ஏறவில்லை. உபன்யாசத்துக்குப் போன வழிதான். மகள் வீடு மட்டும் தூரமாகிவிட்டது.

முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் தனியாக வந்த சுந்தரி பாதியாக இருந்தாள். பேச்சு இல்லை. அப்பா மாதிரி நடித்துக் காட்டுட்டி என்று நான் கேட்டதற்கு, "போங்க சித்தி" என்று உள்ளே போய்விட்டாள். முழங்கைக்கு மேல் கருப்பாகக் கன்றிப்போயிருந்ததை அம்மா குளிக்கவைக்கும்போது பார்த்திருக்கிறாள். புருசன் அடிக்கிறான். மாமியார் அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அக்கா அவரிடம் சொன்னாள். அவர் நெஞ்சை நீவிக்கொண்டார்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். அது அதுபாட்டுக்கு சரியாயிரும்."

மறுநாள் சுந்தரி பஸ் ஏறினாள். அவள் போகும்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை என்று சொன்னால் பொய். நிமிர்ந்தார், பக்கத்தைத் திருப்புவதற்காக.

அதற்கப்புறம் ஆறேழு மாதம் இருக்கும். மம்சாபுரத்திலிருந்து பூ கொண்டுவந்து விற்கிற ஒரு பொம்பளை, ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவுக்கும் போகிறவள், எங்கள் தெருவைத் தேடி வந்தாள். நான் அப்போது அக்கா வீட்டு அடுப்படியில் இருந்தேன்.

"உங்க பிள்ள மாசமா இருக்காம்மா. வயித்துப் பிள்ளக்காரிய வாசலுக்கு வெளிய நிறுத்தி வச்சிருக்காவ. உள்ள சேக்க மாட்டேங்காவ. என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'எங்கப்பாவ ஒரு தடவை வரச் சொல்லுங்க'ன்னு அழுதா. அதான் வந்தேன்."

அக்கா ஈரக் கையோடு நடுவீட்டுக்குப் போனாள். அவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருசன் எதிரில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒரு எட்டு போய்ட்டு வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சண்டை போட வேண்டாம். போய் அந்த வீட்டு வாசல்ல செத்த நேரம் நின்னுட்டு வந்தாப் போதும். பிள்ளைக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

"நாம போயி என்ன ஆகப் போவுது? அது அதுபாட்டுக்கு..."

"கேக்க ஆளில்லன்னுதான அடிக்காவ."

"எனக்கு அதுல ஒரு விசாரமும் இல்ல. அவ தலையில என்ன எழுதியிருக்கோ அது நடக்கும்."

 அக்கா எழுந்தாள். அவள் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சை நான் என் காதால் கேட்டேன்.

"உங்களுக்கு விசாரம் இல்லன்னு ஊரு சொல்லுது. ஊருக்குத் தெரியாது. உங்களுக்கு விசாரிக்கத் தெரியாது, அம்புட்டுதான்."

அவர் நெஞ்சை நீவினார். "கத்தாத" என்றார். கத்தியது யார்? அக்கா குரல் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

அக்காவும் நானும்தான் போனோம். என் வீட்டுக்காரர், "பொம்பளைய ரெண்டு பேரு போய் என்ன செய்வீய?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் படி இறங்கிவிட்டேன்.  பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா ஒரு பால்கோவாப் பொட்டலம் வாங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கே பால்கோவாவா என்று கேட்டேன். விசாரிக்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்றாள். அந்த நேரத்திலும் முறையை விடவில்லை அவள்.

சுந்தரி வாசலில்தான் இருந்தாள். பக்கத்து வீட்டு நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் தெருமுனை வரை பார்த்தாள்.

"அப்பா வரலையாம்மா?"

அக்கா அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். மாமியார் உள்ளே இருந்து வந்து நடையில் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

"பிள்ள எப்படி இருக்கான்னு பாக்க வந்தோம்" என்று அக்கா பொட்டலத்தை நீட்டினாள்.

அந்த அம்மா வாங்கவில்லை. "பாத்தாச்சுல்லா. பேசணும்னா உங்க வீட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்க."

"அவிய வேலையா இருக்காவ."

"வரமாட்டாவ. எனக்குத் தெரியாதா? உங்க தெருவுல சொல்லாத ஆளு கிடையாதே. நிர்விசாரமான மனுசன், எதுக்கும் வந்து நிக்கமாட்டாவன்னு. மொத மருமவளுக்கு அண்ணன் தம்பிய நாலு பேரு, நின்னா வந்தான், உக்காந்தா வந்தான். கடைசியில அத்துக்கிட்டுப் போனா. அதான் இந்தத் தடவ நல்லா விசாரிச்சு எடுத்தோம்."

மொத மருமகள் என்று ஒருத்தி இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அவர்கள் தெருத்தெருவாக வந்து விசாரித்தார்கள். அக்கா வீட்டு மனுசன் மாப்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பது அவர் குணத்துக்குக் குறைச்சல். எனக்கு அந்த மாமியார் மேல் வந்த ஆத்திரத்தைவிட, ஈசிச்சேரில் கிடந்த அவர் மேல்தான் அதிகம் வந்தது. இவளாவது தேடிப் பார்த்துத் தன் மகனுக்கு வசதியானதைப் பிடித்தாள். அந்த வசதி இவர் செய்துகொடுத்தது.

அக்கா பால்கோவாப் பொட்டலத்தை அந்த நடையில் வைத்தாள். சுந்தரியின் கையைப் பிடித்தாள். "நடட்டி" என்றாள். மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. மூன்று பேரும் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "வந்தாச்சா?" என்றார். அப்புறம் அக்காவிடம், "காப்பி போடு" என்றார்.

அந்த வாரத்திலேயே சுந்தரிக்குக் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவும் நானும் மாற்றி மாற்றி இருந்தோம். அவர் வரவில்லை. வீட்டுக்குச் சோறெடுக்கப் போன என்னிடம், "தங்க வேண்டாம்னு இருந்தா தங்காது" என்று மட்டும் சொன்னார். என் வாழ்நாளில் ஒரு மனிதர் முகத்தில் காறித் துப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். தோன்றியதோடு சரி. அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்.

அக்கா அழ ஆரம்பித்தது அப்போதுதான். மாவாட்டும்போது அழுவாள், அரிசி களையும்போது அழுவாள். என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும், பேச்சு நிற்காது. தெருவில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது போனால் கதவைச் சாத்திவிடுவாள். இது ஒரு நாள், ஒரு மாதம் இல்லை. வருசக்கணக்கில் அழுதாள். பகலில் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்குத் தெரிந்தது. ராத்திரியும் அந்த வீட்டில் இருந்தவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

சுந்தரி உடம்பு தேறியதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரிய மனுசர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்தார்கள். பெண்ணைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேச்சு. இப்படிப்பட்ட இடத்தில் பெண்ணைப் பெற்ற அப்பன் சொல்வதுதான் முடிவு. அனுப்புகிறேன் என்றால் போகவேண்டும். சுந்தரி உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைய அனுப்புதீயளா?"

அவர் துண்டை எடுத்தார். "இதுல நான் சொல்ல என்ன இருக்கு? போனாலும் சரி, இருந்தாலும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒருத்தர் கெட்டிக்காரர். "அப்ப அனுப்புதாவன்னு எடுத்துக்கிடுவோம்" என்று எழுந்தார்.

காப்பித் தட்டோடு வந்த அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"அவியளுக்கு ரெண்டும் ஒண்ணு. எனக்கு ஒண்ணு இல்ல. பத்து மாசம் சொமந்தவ சொல்லுதேன். பிள்ள வரமாட்டா."

"பொம்பளைய பேச்சுல..."

"காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

கிளம்பினார்கள். காப்பியை யாரும் தொடவில்லை. எல்லோரும் போனதும் அவர் அந்தத் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். ஆறிப்போச்சு என்று முகம் சுளித்தார்.

மறுநாள் தெருவில் பேச்சு எப்படி இருந்திருக்கும்? அக்கா பேசியதைப் பற்றி, "அவளுக்கு வாய் நீளம்" என்றார்கள். அவரைப் பற்றி, "மக வாழாவெட்டியா வந்து நிக்கா, மனுசன் முகத்துல ஒரு சுளிப்பு இல்ல பாரு" என்றார்கள். இருந்த சுளிப்பு காப்பிக்கானது என்று நான் எத்தனை பேரிடம் போய்ச் சொல்வேன்.

நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணி யூனிட்டில் சுந்தரியையும் சேர்த்துவிட்டேன். துணியை அகலம் பார்த்து வெட்டிச் சுருட்டுகிற வேலை. முதலில் பேசாமல் சுருட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. தொண்ணூறுகளில் அவள்தான் அந்த யூனிட்டுக்கே பொறுப்பு. வீட்டை நடத்தியதும் அவள்தான். அவர் ரிட்டயராகி ஈசிச்சேரிலேயே இருந்தார். பெயர் குறையவில்லை, வளர்ந்தது. சாவு வீடுகளுக்கு அவரைக் கூட்டிப் போவார்கள். அழுகிறவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து, "அழுது என்ன ஆகப் போவுது?" என்று நெஞ்சை நீவிவிட்டு வருவார். தன் மகள் சுருட்டி விற்ற பேண்டேஜில் சாப்பிட்டுக்கொண்டு, பற்று கூடாது என்று பேசுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே ஈசிச்சேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி இல்லை, இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. சாவிலும் அவருக்கு ஒரு சிரமம் இல்லை.

தெருவே கூடிவிட்டது. அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வருகிற பெண்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு உட்கார இடம் காட்டினாள், யாரோ கைக்குழந்தைக்குத் தண்ணீர் கேட்டதற்கு எங்கே இருக்கிறது என்று சொன்னாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல பாரேன். அவியகூட இருந்து இருந்து இவளும் நிர்விசாரமாயிட்டா. என்னா பொம்பள!"

பாராட்டாகத்தான் சொன்னாள். சுந்தரி கால்மாட்டில் இருந்தாள். எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரு அது? எங்கம்மாவ அந்தச் சொல்லால சொல்லாதீய. எங்கப்பா அழாதவிய. எங்கம்மா அழுது முடிச்சவ. எனக்காவ அழுதா, என் வயித்துல இருந்ததுக்காவ அழுதா. அவிய பங்கையும் சேத்து அழுதா. இனி அவகிட்ட இல்ல. ரெண்டையும் ஒண்ணாக்கி இன்னொரு தடவ யாராவது பேசுனிய, பொணத்த உங்ககிட்ட விட்டுட்டு எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயிருவேன்."

 அக்கா மகளை அண்ணாந்து பார்த்தாள்.  அடுத்த நிமிசம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுந்தரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அக்கா, "எம்மா, எம்மா" என்று மகளைத்தான் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கிடந்தவரை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால் இருந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அப்பாடி, வந்துட்டு. என்ன இருந்தாலும் தாலி கட்டுன புருசன்லா" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அந்த அழுகையையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.